ராக் மெஷின் எப்படி இண்டஸ் கிரீட் ஆச்சு? ஒரு பேண்டோட பேரும் ஆளும் மாறுற கதை

காலேஜ் பேண்ட் வெச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் ரெண்டு தலைவலியைச் சொல்வாங்க. ஒன்னு, ஆள் நிற்க மாட்டாங்க. ஃபைனல் இயர் முடிஞ்சா டிரம்மர் கிளம்பிடுவார். பிளேஸ்மென்ட் கிடைச்சா பாடுறவர் பெங்களூருக்குப் போயிடுவார். இன்னொன்னு, பேர். ஃபர்ஸ்ட் இயர்ல விளையாட்டா வெச்ச பேரை தேர்ட் இயர்ல மைக்ல அறிவிக்கும்போது நமக்கே கூச்சமா இருக்கும். மாத்தலாமா? மாத்தினா இதுவரைக்கும் கைதட்டினவங்க நம்மளைக் கண்டுபிடிப்பாங்களா? பாதி ஆள் போனப்புறம் இருக்கிறது அதே பேண்ட்தானா?

செஞ்சிப் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்ல. சிங்கவரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் நிற்கிற நம்ம கோட்டையையே எடுத்துக்கோங்க. 1649இல் பீஜாப்பூர் சுல்தான் படை பிடித்தபோது அதற்கு பாத்ஷாபாத் என்று பேர் வைத்தார்கள். 1677இல் சிவாஜி கைக்கு வந்தது. 1698இல் முகலாயர் பிடித்து, தளபதி சுல்ஃபிகர் கான் நுஸ்ரத் ஜங்கின் பட்டப்பெயரால் நுஸ்ரத்கட் என்றார்கள். 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். ஆங்கிலத்தில் அது ஜிஞ்ஜி ஆனது. உள்ளே இருந்த ஆள் மாறினாங்க, பேர் மாறிச்சு. ஊர்க்காரங்க வாயில் மட்டும் அது செஞ்சியாவே இருந்துச்சு.

ஆனா கோட்டைன்னா கல் அப்படியே நிற்கும். பேண்டுக்கு எது கல்? ஆளும் மாறி, பேரும் மாறினா மிச்சம் இருக்கிறது என்ன? இதைப் புரிஞ்சுக்க இந்தியாவிலேயே நல்ல உதாரணம் ஒன்னு இருக்கு.

பம்பாய், 1984

அந்த வருஷம் பம்பாயில் ராக் மெஷின் என்று ஒரு பேண்ட் தொடங்கியது. கிட்டாரில் மகேஷ் தினைகர், பேஸ் கிட்டாரில் மார்க் செல்வின், டிரம்ஸில் மார்க் மெனேசஸ். முதலில் பாடியவர் இயன் சாந்தமரியா. கொஞ்ச காலத்திலேயே அந்த இடத்துக்கு உதய் பெனகல் வந்தார். கீபோர்டுக்கு ஜுபின் பலபோரியாவும், இன்னொரு கிட்டாருக்கு ஜயேஷ் காந்தியும் சேர்ந்தார்கள். அதாவது முதல் ஆல்பம் வருவதற்கு முன்னாடியே பேண்டின் முகம் ஒரு தடவை மாறிவிட்டது. இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. தொடக்க வருஷங்களில் ஆள் மாறாத பேண்டைப் பார்ப்பதுதான் அபூர்வம்.

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. யூட்யூப் கிடையாது, தனியார் டிவி கிடையாது. வெளிநாட்டு கேசட் ஒன்று கிடைத்தால் அதைப் பத்து பேர் காப்பி எடுத்துக் கேட்பார்கள். ராக் பேண்டுக்கு இருந்த பெரிய மேடையே காலேஜ் விழாக்கள்தான். அங்கே கூட்டம் கேட்டது டீப் பர்ப்பிள் பாட்டு, லெட் செப்பெலின் பாட்டு. அச்சு அசலா வாசித்தால் கைதட்டல். 'இது நாங்களே எழுதினது' என்று ஆரம்பித்தால் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

(இன்னைக்கும் பெரிசா மாறிடலன்னு நீங்க முணுமுணுக்கிறது கேட்குது.)

ராக் மெஷின் சொந்தப் பாட்டுப் பக்கம் போனது. 1988இல் 'ராக் அண்ட் ரோல் ரெனிகேட்' ஆல்பம், 1990இல் 'த செகண்ட் கமிங்'. ரெண்டிலும் சொந்தப் பாட்டுகள். அன்றைய இந்தியாவில் ஒரு ஆங்கில ராக் பேண்ட் இப்படி அடுத்தடுத்து ஆல்பம் போடுவது அபூர்வம். இசை மட்டும் முழுக்க முழுக்க மேற்கத்திய ஹார்ட் ராக் பாணியில் இருந்தது. பேரும் அதற்கு ஏற்ற மாதிரிதான்: ராக் மெஷின். எந்த ஊர் பேண்டும் வெச்சுக்கக்கூடிய பேர்.

1993: பேர் மாறுது

1993இல் அவர்கள் தங்கள் பேரை இண்டஸ் கிரீட் என்று மாற்றிக்கொண்டார்கள். இண்டஸ் என்றால் சிந்து நதி. கிரீட் என்றால் நம்பிக்கை, கொள்கை. ஓடிக்கொண்டிருந்த ஒரு பேரை, அதுவும் ரெண்டு ஆல்பம் போட்ட பேரை, எதுக்கு மாத்தணும்?

காரணம் பாட்டில் இருந்தது. அவர்களுடைய இசை மாறிக்கொண்டிருந்தது. ஹார்ட் ராக்கோடு நிற்காமல் இந்திய இசையின் நிறங்களையும் சேர்க்க ஆரம்பித்திருந்தார்கள். ராக் மெஷின் என்ற பேரைக் கேட்டு வருகிற ஆள் எதிர்பார்க்கிற சத்தம் ஒன்று, மேடையில் அவனுக்குக் கிடைக்கிற சத்தம் இன்னொன்று. பேர் என்பது கேட்க வருகிறவர்களுக்கு நாம் கொடுக்கிற வாக்குறுதி. வாக்குறுதியும் பாட்டும் பொருந்தாமல் போனால் ரெண்டில் ஒன்றை மாற்றியாக வேண்டும். இவர்கள் பாட்டைப் பழைய பேருக்காகச் சுருக்கவில்லை. பேரைப் பாட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள்.

கவனிக்க வேண்டிய விஷயம்: இந்த மாற்றத்தில் ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். டிரம்ஸில் மட்டும் மார்க் மெனேசஸ் இடத்துக்கு பாபி துக்கல் வந்திருந்தார். பேர் புதுசு, ஆள் பழசு.

1995இல் அடுத்த ஆல்பம் வந்தது. அதன் தலைப்பும் 'இண்டஸ் கிரீட்'தான். புதுப் பேரை மக்கள் மனசில் பதிய வைக்க இதைவிட நேரான வழி கிடையாது. அதற்குள் எம்டிவி இந்திய வீடுகளுக்குள் வந்திருந்ததால் அவர்களுடைய பாடல் வீடியோக்கள் புது ரசிகர்களிடமும் போய்ச் சேர்ந்தன.

சுவாரசியமான ஒரு பொருத்தமும் உண்டு. 1995இல் அவர்களுடைய ஊரே பம்பாயிலிருந்து மும்பை ஆனது. 1996இல் மெட்ராஸ் சென்னை ஆனது. அதே 1996இல் ஐஐடி மெட்ராஸ் மாணவர்கள் 'மார்டி கிரா' என்ற தங்கள் கலைவிழாவின் பேரை 'சாரங்' என்று மாற்றினார்கள். ஒன்றைப் பார்த்து இன்னொன்று மாறியது என்று சொல்ல வரவில்லை. ஆனா 'நம்ம பேர் நம்ம மண்ணைச் சொல்லணும்' என்ற எண்ணம் அந்தப் பத்தாண்டில் பல இடங்களில் இருந்தது.

கலைஞ்சு போச்சு, திரும்பவும் கூடிச்சு

பேர் மாற்றியதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் கேசட் கம்பெனிகளின் பணம் சினிமாப் பாட்டுக்கும் இந்தி பாப்புக்கும் போனது. ஆங்கிலத்தில் சொந்தப் பாட்டு பாடுகிற பேண்டுக்கு சந்தை சின்னதாகவே இருந்தது. 1997இல் இண்டஸ் கிரீட் கலைந்தது.

உதய் பெனகலும் ஜயேஷ் காந்தியும் சேர்ந்து 'ஆம்ஸ் ஃபார் சாந்தி' என்ற இன்னொரு பேண்டைத் தொடங்கினார்கள். இதைப் பாருங்க: பழைய ஆட்கள் ரெண்டு பேர் இருந்தும் இண்டஸ் கிரீட் என்ற பேரை அதற்கு வைக்கவில்லை. பாட்டு வேற, திட்டம் வேற, அதனால பேரும் வேற.

2010இல் இண்டஸ் கிரீட் மறுபடி கூடியது. உதய், மகேஷ், ஜுபின் மூவரும் பழையவர்கள். பேஸ் கிட்டாருக்கு ருஷாத் மிஸ்திரியும் டிரம்ஸுக்கு ஜய் ராவ் கவியும் புதிதாக வந்தார்கள். ரெண்டு வருஷம் கழித்து, 2012இல், 'எவால்வ்' என்று புது ஆல்பம். முந்தைய ஆல்பத்துக்கும் இதற்கும் 17 வருஷ இடைவெளி. பழைய ஹிட்டுகளை மட்டும் வாசித்துக் காசு பார்த்திருக்கலாம். புதுசா எழுதினாங்க. பேண்ட் உயிரோட இருக்கு என்பதற்கு அதுதான் சாட்சி.

பேர் மாறாம ஆள் மட்டும் மாறினா?

இதற்கு நேர் எதிர் உதாரணம் டெல்லியின் இந்தியன் ஓஷன். 1990இல் தொடங்கியது, இன்றுவரை ஒரே பேர். தொடங்கியவர்கள் கிட்டாரிஸ்ட் சுஸ்மித் சென், தபலா வாசித்துப் பாடிய அஷீம் சக்ரவர்த்தி. 1991இல் ராகுல் ராம் பேஸ் கிட்டாரோடு வந்தார். ஐஐடி கான்பூரில் வேதியியல் படித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்திலும் இருந்தவர். 1994இல் டிரம்ஸுக்கு அமித் கிலாம். 2000இல் வந்த 'கந்தீசா' ஆல்பத்தில் இந்த நால்வரின் சத்தம் உச்சத்தில் இருக்கும்.

2009 டிசம்பர் 25 அன்று அஷீம் மாரடைப்பால் இறந்துபோனார். அவர் ஒரே நேரத்தில் தபலா வாசித்துக்கொண்டே பாடுகிறவர். அந்த ஒரு இடத்தை நிரப்ப ரெண்டு பேர் தேவைப்பட்டார்கள்: பாடுவதற்கு ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி. 2013இல் சுஸ்மித்தும் விலகினார், நிகில் ராவ் கிட்டாருக்கு வந்தார். தொடங்கிய ரெண்டு பேருமே இப்போது பேண்டில் இல்லை. ஆனால் இந்தியன் ஓஷன் இருக்கிறது, 2023இல் 'தூ ஹை' என்று ஆல்பம்கூடப் போட்டது.

இங்கே ஒரு பாடம் இருக்கு. போனவரைப் போலவே பாடுகிற ஒரு நகலை அவர்கள் தேடவில்லை. வேலையைப் பிரித்துக்கொடுத்தார்கள். புதுசா வந்தவர்களின் குரலுக்கும் கைக்கும் இடம் விட்டார்கள்.

டீப் பர்ப்பிள் விஷயத்தில் ரசிகர்கள் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். 1968இல் 'ரவுண்டபவுட்' என்ற பேரில் தொடங்கி, உடனே டீப் பர்ப்பிள் என்று மாறிய இங்கிலாந்து பேண்ட் அது. ஒவ்வொரு லைன்அப்புக்கும் மார்க் 1, மார்க் 2 என்று எண் போட்டுப் பேசுவார்கள். நமக்கு ரெகுலேஷன் 2017, ரெகுலேஷன் 2021 இருக்கிற மாதிரி. பாடத்திட்டம் மாறும், டிகிரி பேர் மாறாது. எல்லா மார்க்கிலும் இருந்த ஒரே ஆள் டிரம்மர் இயன் பெய்ஸ்.

இதெல்லாம் கூத்துக்காரங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்

நம்ம ஊர்ப் பக்கம் தெருக்கூத்து ஜமா பார்த்திருப்பீங்க. மத்தளம், ஆர்மோனியம், முகவீணை, தாளம், வேஷக்காரர்கள், எல்லாரையும் கட்டி மேய்க்கிற வாத்தியார். அதுவும் ஒரு லைன்அப்தான். ஆள் ஒரு ஜமாவிலிருந்து இன்னொரு ஜமாவுக்குப் போவார். வயசானவர் ஒதுங்குவார், மகனோ சிஷ்யனோ அந்த வேஷத்தைக் கட்டுவார். ஆனா துரியோதனன் வேஷம் அங்கேயே இருக்கும். ஆட்டமும் அடவும் பாட்டும் கைமாறிக் கைமாறி வரும். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையின் கூத்துப் பரம்பரை இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. கண்ணப்பத் தம்பிரான் 2003இல் மறைந்த பிறகும் கூத்து நிற்கவில்லை.

அங்கே ஆளுக்கு ஆள் கைமாறுவது கதையும் ஆட்டமும். ராக் பேண்டில் அது சொந்தப் பாட்டு. முன்னாடி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: பேண்டோட கல் அதோட பாட்டு. சொந்தப் பாட்டு இல்லாத பேண்டில் ரெண்டு பேர் போனால் மிச்சம் எதுவும் இருக்காது. ஏன்னா டீப் பர்ப்பிள் பாட்டை வாசிக்க யாரும் வரலாம்.

பேர் யாருடையது?

இனி வர்றது கொஞ்சம் கசப்பான பகுதி. 1980இல் டீப் பர்ப்பிள் கலைந்து கிடந்த நேரம். மார்க் 1இல் பாடிய ராட் எவன்ஸ், மற்றபடி பழைய ஆட்கள் யாரும் இல்லாமல், டீப் பர்ப்பிள் என்ற பேரிலேயே அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் கச்சேரி நடத்தினார். டிக்கெட் வாங்கி வந்த ரசிகர்கள் கொதித்தார்கள். பேரின் உரிமை வைத்திருந்த தரப்பு வழக்குப் போட்டது. தீர்ப்பில் 6,72,000 டாலர் நஷ்டஈடு. பழைய ஆல்பங்களிலிருந்து வரவேண்டிய ராயல்டியையும் எவன்ஸ் இழந்தார். ஒரு காலத்தில் பேண்டில் இருந்தேன் என்பது பேரைப் பயன்படுத்தும் உரிமை ஆகாது.

நம்ம நாட்டில் நிலைமை என்ன? பேண்டின் பேரை 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்யலாம். பொழுதுபோக்கு சேவைகள் வருவது 41ஆம் வகுப்பு. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 வருஷம் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

பாட்டு வேற கணக்கு. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி வரிகள் ஒரு படைப்பு, மெட்டு ஒரு படைப்பு, ஒலிப்பதிவு இன்னொரு படைப்பு. எழுதியவரும் மெட்டமைத்தவரும் வாழும் காலமும் அதற்குப்பின் 60 வருஷமும் உரிமை உண்டு. இதற்குப் பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் யார் எழுதினது என்று நாலு பேருக்கு நாலு ஞாபகம் இருந்தால் சட்டம் என்ன செய்யும்?

சரி, நம்ம என்ன செய்யலாம்?

பேர் வைக்கும்போதே எதுக்காக இந்தப் பேர் என்று கேட்டுக்கோங்க. சென்னையில் பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து 19 பேர் கொண்ட குழுவை உருவாக்கியபோது அதற்கு 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பேர் வைத்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற எண்ணத்திலிருந்து வந்த பேர் அது. 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறுவதற்கு முன்பே என்ன பாடப்போகிறார்கள் என்பதைப் பேரே சொல்லிவிட்டது. ராக் மெஷினுக்கு அந்தத் தெளிவு வர ஒன்பது வருஷம் ஆனது. ரெண்டுமே சரிதான். பாட்டுக்கும் பேருக்கும் சண்டை இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஆள் போறாங்கன்னு மட்டும் பேரை மாத்தாதீங்க. பாட்டு மாறினா மாத்துங்க. மாத்தினா தயங்காம, எல்லா போஸ்டரிலும், எல்லா பக்கத்திலும் ஒரே நாளில் மாத்துங்க. கொஞ்ச நாளைக்குப் பழைய பேரையும் சின்ன எழுத்தில் போடுங்க.

ஒருத்தர் விலகினா பேர் யார்கிட்ட இருக்கும், எழுதின பாட்டை மிச்சம் இருக்கிறவங்க வாசிக்கலாமா என்பதைச் சண்டை வராத நாளில் ஒரு பக்கம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. நட்புக்கு நடுவில் எதுக்குப் பேப்பர்னு தோணும். நட்பைக் காப்பாத்தத்தான் அந்தப் பேப்பர்.

எல்லாத்துக்கும் மேல, சொந்தப் பாட்டை ஒலிப்பதிவு பண்ணி வையுங்க. போன்லயாவது. கூடவே வரி, கார்ட்ஸ், தேதி, யார் எழுதினது, யார் மெட்டுப் போட்டது என்று ஒரு ஃபைல். மே மாசம் சீனியர்கள் கிளம்பும்போது கிட்டாரும் போகும், ஆம்ப்ளிஃபயரும் போகும். அந்த ஃபைல் இருந்தா ஜூனியர்கள் கையில் ஒரு பேண்ட் மிஞ்சும். இல்லன்னா பேர் மட்டும்தான் மிஞ்சும்.

அப்படியும் பேண்ட் கலைஞ்சுபோனா? பரவாயில்லை. எண்பதுகளில் சென்னையில் 'ரூட்ஸ்' என்று ஒரு பேண்ட் இருந்தது. சிவமணி, ஜான் அந்தோனி, சுரேஷ் பீட்டர்ஸ், ஜோஜோ, ராஜா என்று நண்பர்கள் சேர்ந்த கூட்டம். அதில் கீபோர்டு வாசித்த பையன் பிறகு 'நெமிசிஸ் அவென்யூ' என்று இன்னொரு ராக் பேண்டையும் தொடங்கினான். ரெண்டுமே பெரிய பேராக நிலைக்கவில்லை. பையன் பேரும்கூட மாறிவிட்டது: திலீப் குமார், ஏ.ஆர். ரஹ்மான் ஆனார். அந்தக் கூட்டத்திலிருந்த சிவமணியும் சுரேஷ் பீட்டர்ஸும் பின்னாளில் அவர் பாட்டுகளில் வாசித்தார்கள், பாடினார்கள். பேண்ட் போனாலும் சேர்ந்து வாசித்த பழக்கம் போகவில்லை.

அதனால இந்த செமஸ்டர் லைன்அப் உடைஞ்சா முதல்ல போஸ்டரைத் தேடாதீங்க. பாட்டு எத்தனை இருக்குன்னு எண்ணுங்க.